எம்எக்ஸ்-5இன் நான்காவது சிலிண்டர்: ஒரு மிஸ்ஃபயரைத் தேடிப் பிடித்த விவரம்

கார்: மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1996இல் பதிவானது. 1,839 சிசி எஞ்சின், ஐந்து கியர், 94,000 மைல் ஓடியது. இடம்: வடமேற்கு லண்டன். 2023 அக்டோபரில், வாங்கி ஒன்பதாம் நாள், என் கராஜுக்கு வந்தது.

கொண்டுவந்த தம்பி மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறவர். முடிந்து வெளியே வரும்போது விடியற்காலை ஆகிவிடும். கார் இரவு முழுக்கப் பனியில் நனைந்தபடி நிற்கும். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

"அண்ணை, காலமை ஸ்டார்ட் பண்ணினா நடுங்குது. நாலாம் கியரில மிதிச்சா உதறுது. பிளக், வயர், கொயில் எல்லாம் புதுசு எண்டுதான் வித்தவர் சொன்னவர். பில்லும் தந்தவர்."

"பில் எல்லாத்தையும் கொண்டு வா தம்பி. காரைத் திறக்க முதல் அதைத்தான் நான் பாக்கோணும்."

திருப்பிக் கொடுக்கலாமா என்றும் கேட்டார். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் பழுதான காரைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. இவர் வாங்கியது ஒரு தனிநபரிடம். அங்கே அந்தக் கதவு திறக்காது. சரி, காரைத்தான் பார்க்க வேண்டும்.

காகிதம் சொன்னது

கோப்பில் மூன்று பில் இருந்தது. 14 மாதத்துக்கு முன் நான்கு பிளக். அதற்கு ஐந்து மாதம் கழித்து புது பிளக் வயர் செட்டும் மறுபடி பிளக்கும். விற்பதற்கு ஏழு வாரம் முன் கொயில் பேக் (பிளக்குக்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் பாகம்). மூன்றும் ஒரே இடத்தில் செய்தவை. அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

விற்றவர் இந்த பில்களை "பார்த்துப் பார்த்து வைத்திருந்த கார்" என்பதற்கு ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. பிளக் நல்லதென்றால் ஐந்தே மாதத்தில் ஏன் மறுபடி பிளக்? வயர் மாற்றிச் சரியாகியிருந்தால் கொயில் எதற்கு? ஒரே வியாதிக்கு மூன்று முறை மருந்து கொடுத்திருக்கிறார்கள், மூன்று முறையும் அது சில வாரம் அடங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறது. மிஸ்ஃபயர் என்பது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது. அது அப்படி அடங்கித் திரும்பினால் புதுப் பாகத்தைக் கெடுக்கிற ஏதோ ஒன்று உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

பிரிட்டனில் ஒரு காரின் எம்ஓடி (வருடாந்தத் தகுதிச் சோதனை) வரலாற்றை வண்டி எண்ணை மட்டும் வைத்து அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்தேன். இரண்டு வருடம் முன் புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு கூடிப் போய்த் தோற்றிருக்கிறது. ஐந்து நாள் கழித்துத் தேறியிருக்கிறது. இந்த வயதுக் கார்களுக்கு வேக ஐடிலில் (கார் நிற்க, எஞ்சினை மட்டும் கொஞ்சம் வேகமாக ஓட விட்டு அளக்கும்போது) 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்குதான் எல்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போனால்தான் அந்த எண் அப்படி ஏறும். ஆக இந்த மிஸ்ஃபயருக்கு வயது ஒன்பது நாள் இல்லை, குறைந்தது இரண்டு வருடம்.

இன்னொன்றும் கேட்டேன்: பார்க்கப் போனபோது பானட்டைத் தொட்டுப் பார்த்தாயா? "சூடாத்தான் இருந்தது அண்ணை. பெட்ரோல் அடிச்சுக்கொண்டு இப்பதான் வந்தனான் எண்டவர்." எஞ்சின் சூடாகி, ஈரம் காய்ந்த பிறகுதான் அவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பழைய கார் பார்க்கப் போகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது இதுதான்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காட்டச் சொல்லுங்கள், முதல் ஸ்டார்ட் உங்கள் கையால் ஆகட்டும்.

ஓட்டிப் பார்த்தது

மறுநாள் காலை 7 மணிக்கு, இரவு முழுக்க என் முற்றத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தோம். உடனே பிடித்தது. ஆனால் ஐடில் ஒரு பக்கம் நொண்டியது. சைலன்சர் வாயில் உள்ளங்கையைப் பிடித்தால் புஸ், புஸ், புஸ் என்று வருகிற காற்றில் சீரான இடைவெளியில் ஒன்று குறைந்தது. இடைவெளி சீராக இருந்தால் பெரும்பாலும் ஒரே சிலிண்டர். தாறுமாறாக இருந்தால் எரிபொருள், காற்றுக் கசிவு, சிக்னல் என்று எல்லோருக்கும் பொதுவான ஏதாவது. இது சீராக நொண்டியது.

சாலையில் மூன்றாம், நான்காம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் மெதுவாக மிதித்தால் உதறல். பத்து நிமிடத்தில் பாதி குறைந்தது. முழுதாக மிதித்தபோது மட்டும் இரண்டு தடவை ஒரு வெட்டு வெட்டியது. அதையும் அதே உதறலின் கணக்கில் சேர்த்துவிட்டேன். அது என் பிழை, அதை விவரமாகப் பிறகு சொல்கிறேன்.

எந்தச் சிலிண்டர்?

இந்தக் காரில் இன்றைய கார்கள் மாதிரி ஸ்கேனரைச் செருகி மூன்றாவது சிலிண்டர், நாலாவது சிலிண்டர் என்று படிக்க முடியாது. எஞ்சின் அறையில் இருக்கும் டயக்னாஸிஸ் பெட்டியில் டென் (TEN) என்ற முனையை எர்த்தோடு இணைத்து, ஃபென் (FEN) என்ற முனைக்கும் பேட்டரி பாஸிட்டிவுக்கும் இடையே ஒரு சின்ன எல்இடி போட்டால், சென்சார் ஏதாவது செத்திருந்தால் மினுக்கிக் காட்டும். போட்டேன். ஒரு பழுதுக் குறியீடும் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் இந்தக் கணினி மிஸ்ஃபயரை எண்ணுவதே கிடையாது.

எனவே பழைய முறைதான். ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தி, எஞ்சின் எவ்வளவு தளர்கிறது என்று பார்ப்பது. பலர் இதற்கு ஓடுகிற எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்குவார்கள். நான் செய்வதில்லை. போக்கிடம் இல்லாத மின்சாரம் கொயிலுக்குள்ளேயே துளை போடும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும், கையிலும் அடிக்கும். அதற்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் மின் கனெக்டரைக் கழற்றினால் பெட்ரோல்தான் நிற்கும். அதற்கு முன்னால் ஐடில் வால்வின் கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணினி காற்றைக் கூட்டிக் கொடுத்து ஆர்பிஎம்மைத் தூக்கிப் பிடித்துவிடும், வித்தியாசம் தெரியாது.

முதல் சிலிண்டரை நிறுத்தினால் 110 ஆர்பிஎம் விழுந்தது. இரண்டாவது 100. மூன்றாவது 110. நான்காவதை நிறுத்தினேன், 15 விழுந்தது. அது அவ்வளவு நேரமும் கிட்டத்தட்ட வேலையே செய்யாமல் இருந்திருக்கிறது.

நாலாவது என்று தெரிந்ததும் தம்பி சொன்னார், "அப்ப கொயில் பிழை போல. மலிவு கொயில் போட்டிருப்பினம்." அப்படி நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த எஞ்சினில் மொத்தம் இரண்டு கொயில். 1க்கும் 4க்கும் ஒன்று, 2க்கும் 3க்கும் ஒன்று. ஒரு கொயிலின் இரு முனையும் இரண்டு பிளக்குக்குப் போகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் பொறி விடுகின்றன. ஒன்று பெட்ரோலை எரிக்கிறது, மற்றது வெளியே போகிற புகையில் வீணாகிறது. கொயிலோ அதற்கு வரும் சிக்னலோ செத்தால் 1ம் 4ம் சேர்ந்தே படுக்க வேண்டும். இங்கே 1 நல்ல திடமாக இருந்தது. அப்போது கொயிலுக்கு முன்னால் இருப்பதெல்லாம் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிட்டது. ஏழு வாரம் முன் போட்ட அந்தக் கொயிலுக்குத் தேவையே இருந்திருக்கவில்லை. மிஞ்சியது நாலாவது வயர், நாலாவது பிளக், நாலாவது இன்ஜெக்டர், அல்லது நாலாவது சிலிண்டரின் உடம்பு.

உடம்பைத்தான் முதலில் பார்த்தேன். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) இல்லையென்றால் மற்ற எதைச் செய்தும் பலன் இல்லை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர்களின் இணைப்பை எடுத்து, திராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து அளந்தேன். 176, 178, 175, 172 பிஎஸ்ஐ. நான்கும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நின்றன. 27 வருட எஞ்சினுக்கு இது நல்ல செய்தி. தம்பியின் முகத்தில் அன்று முதல் தடவையாக ரத்தம் ஓடியது. நானும் மூச்சு விட்டேன், ஏனென்றால் அந்த அளவு தப்பியிருந்தால் பேச்சு ஆயிரக்கணக்கான பவுண்டைப் பற்றியதாகியிருக்கும்.

கிணற்றுக்குள் இருந்தது

பிளக் கழற்றியபோதே பார்த்துவிட்டேன், ஆனால் வரிசைப்படி சொல்கிறேன்.

இந்த எஞ்சினில் பிளக்குகள் இரண்டு கேம் ஷாஃப்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) நடுவே ஆழமான கிணறுகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. நாலாவது கிணறு கடைசி, டேஷ்போர்டுச் சுவருக்குப் பக்கத்தில். அதன் ரப்பர் பூட்டை (boot, பிளக்கைக் கவ்வுகிற வயர் முனையின் உறை) முறுக்கி இழுத்தபோது அது சாதாரணமாக வருகிற மாதிரி வரவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. நுனியில் தேன் நிறத்தில் எண்ணெய் சொட்டியது. டார்ச் அடித்தால் கிணற்றின் அடியில் பிளக்கின் அறுகோணம் முழுகும் அளவுக்கு எண்ணெய். பூட்டின் வாய் ஊறிப் பெருத்து, விரலால் அமுக்கினால் திரும்பி எழாத பஞ்சு போலாகிவிட்டது. ஒன்பது மாத வயர் அது.

பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். வெள்ளைப் பீங்கானில், மேல் முனையிலிருந்து கீழே இரும்பு வரை, கூர் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. பூட்டை நீளவாக்கில் அறுத்து விரித்தேன். உள்சுவரில் அதே இடத்தில் அதற்கு இணையான ஒரு சாம்பல் கோடு.

அந்தக் கோடுதான் மிஸ்ஃபயர். பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். உள்ளே அழுத்தம் கூடக் கூட, அதாவது மிதிக்க மிதிக்க, இன்னும் அதிகம் வேண்டும். மின்சாரம் எப்போதும் சுலபமான பாதையைத் தேடும். ரப்பர் பீங்கானை இறுகக் கவ்வியிருக்கும்வரை வெளிப்பக்கம் பாதை இல்லை. சுத்தமான எஞ்சின் எண்ணெய் தானாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை, அது செய்கிற கெடுதல் வேறு. ரப்பரை ஊற வைத்துக் கவ்வலைத் தளர்த்துகிறது, அந்த இடுக்கில் கரித்தூளையும் ஈரத்தையும் சேர்த்து வைக்கிறது. ஒரு நாள் மின்சாரம் அந்த வெளி வழியாக எட்டிப் பாய்கிறது. பாய்ந்த தடம் கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த தடவை அதே தடம் இன்னும் சுலபம். விடியற்காலை ஈரத்தில் இன்னும் இன்னும் சுலபம். எஞ்சின் சூடாகி ஈரம் காய்ந்ததும் பாதி மிஸ்ஃபயர் போனதற்குக் காரணம் இதுதான். முதல் சிலிண்டர் ஏன் நன்றாக இருந்தது என்பதும் இதில் விளங்கும்: நாலாவதின் மின்சாரம் எங்கே எர்த் ஆனாலும் சுற்று முழுமையாகிவிடுகிறது, எதிர்முனையில் ஒன்றாவதுக்குப் பொறி கிடைத்துவிடுகிறது.

இங்கே இரண்டு சோதனைகளைப் பற்றி எச்சரித்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டுமே இந்தக் காரில் பொய் சொல்லியிருக்கும். ஒன்று, மல்டிமீட்டர். நான்கு வயரின் ரெசிஸ்டன்ஸும் அளந்தேன், எல்லாம் நீளத்துக்கு ஏற்றபடி சரியாகவே இருந்தது. மீட்டர் உள்ளே இருக்கும் கம்பியைத்தான் பார்க்கிறது, ஊறிப்போன ரப்பர் அதன் கண்ணில் படாது. இரண்டு, டைமிங் லைட். நாலாவது வயரில் மாட்டினால் ஒரு துடிப்பும் தப்பாமல் மின்னியது. மின்சாரம் போகிறது என்பதை அது சரியாகச் சொன்னது. எங்கே போகிறது என்பதைச் சொல்ல அதனால் முடியாது.

உண்மையைச் சொன்னது ஒரு செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல். பிளக்கைத் திரும்பப் போட்டு, கராஜின் விளக்கை எல்லாம் அணைத்து, எஞ்சினை ஓட விட்டு, வயர்களின் மேல் பனி மாதிரி லேசாகத் தெளித்தேன். மற்ற மூன்றில் ஒன்றுமில்லை. நாலாவது கிணற்றின் வாயில் நீல வெளிச்சம் பூச்சி துடிப்பது போலத் துடித்தது. டிக், டிக், டிக் என்ற ஓசை. ஐடில் உடனே இன்னும் நொண்டியது. தம்பியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். இதைச் செய்பவர்கள் கையைத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் வாசனை ஏதாவது இருந்தால் செய்யவே செய்யாதீர்கள்.

எண்ணெய் எங்கிருந்து?

மூன்று பில்லும் தவறவிட்ட கேள்வி இது. கிணற்றுக்குள் எண்ணெய் வர ஒரே வழி மேலே இருக்கும் கேம் கவரின் கேஸ்கெட்தான் (கசியாமல் அடைக்கும் ரப்பர்). ஓரத்தைச் சுற்றி ஓடும் அதே கேஸ்கெட் நடுவில் கிணறுகளையும் அடைக்கிறது. கவரைத் திறந்தேன். ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது, நாலாவது கிணற்றோரம் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. யாரோ கசிவைக் கண்டு போல்ட்டை இறுக்கியே நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் போல்ட்டுகளுக்கு வேண்டியது 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான், கைமணிக்கட்டின் பலமே போதும். அதற்கு மேல் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கிக் கசிவு கூடும்.

அப்போது அவர்கள் செய்தது என்னவென்று முழுதாகத் தெரிந்தது. பிளக்கை மாற்றினார்கள், எண்ணெயில் நின்ற பழைய பூட்டின் கரிக்கோடு புதுப் பிளக்கில் கோடு போட்டது. வயரை மாற்றினார்கள், புது ரப்பர் அதே எண்ணெயில் ஊறியது. பிறகு கொயில். கரிக்கோடு தொற்று வியாதி மாதிரி. பூட்டை மட்டும் மாற்றினால் பிளக் புதுப் பூட்டைக் கெடுக்கும், பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புதுப் பிளக்கைக் கெடுக்கும். இரண்டும் ஒன்றாகத்தான் போக வேண்டும், அதுவும் கிணறு காய்ந்த பிறகு.

செய்த வேலை: புது கேஸ்கெட், கேம் கேப்கள் கவரோடு சேருகிற மூலைகளில் கொஞ்சம் சிலிக்கான், கிணறுகளை பிரேக் கிளீனரும் துணியுமாகக் காயத் துடைத்தது, நான்கு பிளக், ஒரு வயர் செட். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே போட்டேன், பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவில்லை.

ஸ்டார்ட் செய்தால் ஐடில் 850இல் அசையாமல் நின்றது. நாலாவது இன்ஜெக்டரைக் கழற்றினால் இப்போது 105 விழுந்தது. புகை அளக்கும் கருவியில் வேலைக்கு முன் 640 காட்டிய ஹைட்ரோகார்பன் 40க்குக் கீழே இறங்கியது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பிழைத்துவிட்டது என்று இதில் தெரிந்தது. அதுவரை எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. மிஸ்ஃபயரோடு ஓடும் காரில் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் போகிறது. ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் குறைவு என்று சொல்லும், கணினி நம்பி எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டும், அதெல்லாம் போய் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். மிஸ்ஃபயரோடு "கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்பவர்களிடம் நான் சொல்வது இது ஒன்றுதான்.

இரண்டாவது பழுது

அன்று மாலை சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வழக்கப்படி ஒரு நீண்ட ஓட்டம் போனோம், தம்பி ஓட்ட நான் பக்கத்தில். கார் பறந்தது. ஆயிரம் கிலோ சொச்சம் எடை, சுமார் 130 குதிரைத்திறன், அது நான்கு சிலிண்டரிலும் ஓடும்போது எப்படி என்று அவர் அன்றுதான் அறிந்தார். நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தார். டக். ஒரு கணம் எஞ்சின் இல்லை. மறுகணம் வந்துவிட்டது.

"அண்ணை, இன்னும் இருக்கு."

இருக்கிறதுதான், ஆனால் அது வேறு. முன்பு இருந்தது மெத்தென்ற உதறல், இது சுவிட்சை அணைத்துப் போட்டது போன்ற வெட்டு. முதல் நாளும் இரண்டு தடவை வந்தது இதேதான். நான் அன்றே இரண்டையும் பிரித்துக் கேட்டிருக்க வேண்டும்.

"திரும்ப ஒருக்கா அதே இடத்தில மிதி. நான் ரோட்டைப் பாக்கேல்ல, டேக்கோவைத்தான் பாக்கப் போறன்."

மூன்றாவது முயற்சியில் வந்தது. வெட்டிய அந்தக் கணத்தில் டேக்கோவின், அதாவது எஞ்சின் சுற்றைக் காட்டும் மானியின், ஊசி 4,000இலிருந்து சடாரென்று கீழே விழுந்து மேலே ஏறியது. கார் அதே வேகத்தில்தான் போகிறது, கியர் போட்டிருக்கிறது, சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் சுற்று அப்படி விழவே முடியாது. விழுந்தது சிக்னல். பிளக்கிலோ பெட்ரோலிலோ கோளாறு என்றால் ஊசி அசையாது. ஊசி விழுந்தால் கொயிலுக்குக் கட்டளை போகிற பாதையில்தான் தேட வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனை எத்தனையோ பெட்ரோல் பம்புகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் திரும்பி வந்ததும் பெட்ரோல் அழுத்தத்தையும் அளந்து வைத்தேன். வாக்யூம் குழாயைக் கழற்றிய நிலையில் 2.9 பாரில் உறுதியாக நின்றது.

இந்த எஞ்சினில் எப்போது பொறி விடுவது என்பதைச் சொல்வது கேம் ஆங்கிள் சென்சார். எஞ்சின் தலையின் பின்பக்கம், கொயில் பேக்குக்குப் பக்கத்தில், சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கை நுழையாத இடுக்கில் இருக்கிறது. கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தபோது முதலில் பட்டது ஒரு வெள்ளை கேபிள் டை. சென்சாரின் நான்கு பின் கனெக்டரில் பூட்டும் நாக்கு உடைந்திருந்தது. அது கழன்றுவிடாமலிருக்க அந்த டையால் கட்டி, வயரை இழுத்து, சுவரோரம் ஓடும் குழாயோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். கொயிலை மாற்றக் கை விட்டவர்கள் இதைக் கழற்றியிருக்கிறார்கள், நாக்கு ஒடிந்திருக்கிறது.

எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல்தான் நிற்கிறது. முழுதாக மிதித்தால் ஒரு பக்கம் சாயும். சாதாரணமாக வயரும் எஞ்சினோடு தளர்ந்து அசையும். இங்கே வயரின் ஒரு முனை எஞ்சினோடு, மறு முனை காரின் உடம்போடு. எஞ்சின் சாயும் ஒவ்வொரு தடவையும் வயர் இழுபடுகிறது. ஆஸிலோஸ்கோப்பை (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) சிக்னல் வயரில் மாட்டி, ஐடிலில் வைத்து, கனெக்டரை ஒரு விரலால் பின்னுக்கு இழுத்தேன். சீப்புப் பல் மாதிரி வரிசையாக வந்த அலையில் இரண்டு பல் காணாமல் போயின. எஞ்சின் டக் என்று வெட்டியது. விட்டேன், சரியானது. மறுபடி இழுத்தேன், மறுபடி வெட்டியது. ஒரு பழுதை நினைத்த நேரத்தில் வரவும் போகவும் வைக்க முடிந்தால் அதைப் பிடித்துவிட்டோம் என்று பொருள்.

கனெக்டரைக் கழற்றி, அளவான ஒரு பின்னை ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுத்துப் பார்த்தேன். மூன்று கவ்விப் பிடித்தன. நாலாவது பிடிப்பே இல்லாமல் வழுக்கியது. அகன்றுபோன அந்த டெர்மினலுக்கும் உடைந்த உறைக்கும் பதிலாகப் புதியவை போட்டேன். சென்சாரின் ஓ-ரிங்கும் (எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்துகொண்டிருந்தது, இந்த எஞ்சினில் அது வயதானால் வரும் சாதாரணக் கசிவு. கழற்றும் முன் சென்சார் நின்ற இடத்தைக் கீறி அடையாளம் வைத்தேன், அதைத் திருப்பினால் டைமிங்கே மாறிவிடும். ஓ-ரிங்கை மாற்றிய பிறகு டென் முனையை எர்த் செய்து டைமிங் லைட்டால் 10 டிகிரியில் நிறுத்தினேன். கேபிள் டையை வெட்டித் தம்பியின் கையில் கொடுத்தேன்.

அதே சரிவில் ஆறு தடவை மிதித்துப் பார்த்தோம். ஊசி ஒரு தடவையும் விழவில்லை.

கணக்கு

முன்பு அந்த மூன்று பில்லுக்கும் போனது மொத்தம் 500 பவுண்டுக்குக் கிட்ட. இப்போது பாகங்களுக்கு ஆனது 120 பவுண்டுக்குள்: கேஸ்கெட், பிளக், வயர், ஓ-ரிங், கனெக்டர் உறை. மிச்சம் என் நேரம். அதில் பாதிக்கு மேல் அளப்பதற்கும் பார்ப்பதற்கும் போனது, அந்த நேரத்துக்கு நான் கூசாமல் பணம் வாங்குகிறேன். ஏழு வாரம் முன் ஒருவர் பத்து நிமிடம் செலவழித்து நாலாவது பூட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் கொயில் வேலை நடந்திருக்காது, நாக்கு ஒடிந்திருக்காது, இரண்டாவது பழுது பிறந்தே இருக்காது. எனக்குக் கோபம் வந்தது அதில்தான். ஒரு காரில் பழுது வருவது இயற்கை. நம் கையால் இன்னொன்றை உள்ளே வைத்து அனுப்புவது வேறு.

காரில் இன்னும் வேலை இருக்கிறது. இடது பக்கம் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் (சில், sill) துரு தொடங்கியிருக்கிறது, பின் சக்கரத்துக்கு முன்னால், இந்த மாடலில் துரு முதலில் பிடிக்கும் இடத்தில். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குக் காகிதம் இல்லை. வசந்தத்துக்கு முன் அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து, நவம்பர் கடைசியில், இரவு வேலை முடித்து நேரே வந்தார். விடிய விடிய மழை. கூரைத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஆறட்டும் என்று தேநீர் குடித்தோம். பிறகு நாலாவது பூட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன்.

"எப்பிடி அண்ணை?"

"நீயே பார்."

கிணறு எலும்பு போலக் காய்ந்திருந்தது. பீங்கான் வெள்ளையாக இருந்தது.